வீட்டுக்குப் பாதி வாக்கியம்

டென்னிஸ் ஃபைனலில் மீட்டர் தோற்றுப்போனதற்கு ஆபீசில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நடுவராக உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஸ்டோர்க்காரர், வெயில்தான் காரணம் என்று அடித்துச் சொன்னார். கடைசி இரண்டு பாயிண்டும் மீட்டரின் கண்ணுக்கு நேரே சூரியன் இருந்ததாம். ஜீப் டிரைவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பத்தாறு வயதில் மூன்று செட் ஆடினால் முட்டி என்ன இரும்பா என்று கேட்டார். வரைபடப் பிரிவுக்காரர்களுக்கு, ஜெயித்த நெட்டையரின் கை நீளம்தான் காரணம். அதைப் பேசிப் பேசியே ஒரு வாரம் வேலை பார்க்காமல் ஓட்டினார்கள். எல்லோரும் சொன்னது உண்மைதான், ஆனால் அதில் எதுவும் காரணமில்லை. காரணம், 'ங்க' என்கிற இரண்டு எழுத்து. தனியாக நிற்கக்கூட வக்கில்லாத அந்த இரண்டு எழுத்து கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. இது அந்த கோர்ட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் வெளியே வாய் திறக்கவில்லை.

மீட்டர் என்பது குடிநீர் வாரியத்தில் அவருக்கு ஒட்டிக்கொண்ட பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. வாரியக் கட்டடத்தின் பின்பக்கம், மேல்நிலைத் தொட்டியின் நிழல் விழும் அறையில் தண்ணீர் மீட்டர்களைப் பழுது பார்ப்பது அவர் வேலை. நீளமான மேஜை, அதில் வரிசையாகக் குழாயில் பூட்டிய ஆறு மீட்டர்கள், கீழே அளவு கோடு போட்ட பீப்பாய். தண்ணீரைத் திறந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மீட்டர்மேல் காதை வைப்பார். உள்ளே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது, எது மண்ணைத் தின்றிருக்கிறது என்று கேட்டே சொல்லிவிடுவார். இப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டுதான் மனிதர் வீட்டில் கோட்டை விட்டார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

அவர் மனைவி அதே கட்டடத்தின் முன்பக்கம், புகார் மேஜையில். காலை பத்து மணியிலிருந்து தொலைபேசி அலறும். தண்ணீர் வரவில்லை, வந்தது கலங்கலாக வந்தது, குழாய் உடைந்து தெருவே குளமாகிவிட்டது. அவள் யாரிடமும் குரலை உயர்த்த மாட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்று சொல்வாள்: "விடுங்க சார், நான் பாத்துக்கறேன்." ஒரு நாளைக்கு அறுபது தடவையாவது சொல்வாள். சொன்னதோடு விடவும் மாட்டாள். வால்வு திறப்பவரைத் துரத்தித் துரத்திப் பிடித்து, அந்தத் தெருவுக்குத் தண்ணீர் போன பிறகுதான் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். ஊருக்கு அந்த வாக்கியத்தின் மேல் அசாத்திய நம்பிக்கை.

இருவரும் பழகியது தொட்டிக்குப் பின்னால் இருக்கும் சிமெண்ட் கோர்ட்டில். டென்னிஸ் பைத்தியம் பிடித்த ஒரு தலைமைப் பொறியாளர் எந்தக் காலத்திலோ போட்டுவைத்துவிட்டு மாற்றலாகிப் போன கோர்ட் அது. அதற்கப்புறம் வந்தவர்கள் அதில் உடைந்த குழாய்களை அடுக்கினார்கள். குழாய்களை ஓரமாக உருட்டிவிட்டு ஊழியர்கள் ஆட ஆரம்பித்தார்கள். அவள் இரவல் ராக்கெட்டோடு வந்தாள், முதல் நாளே மீட்டரை ஓட ஓட விரட்டினாள், ஒரே வருஷத்தில் கல்யாணம்.

ஜோடியாக ஆடும்போது அவர்களுக்குள் இரண்டே வார்த்தை. பந்தைத் தான் எடுப்பதென்றால் "என்னது". பந்து கோட்டுக்கு வெளியே போகிறது, தொடாதே என்றால் "விடு". கல்யாணமான புதிதில் அவளுக்கு 'விடு' வாயில் வரவில்லை. புருஷனை எல்லார் முன்னாலும் எப்படி? "விடுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் வெளியே போகிற பந்தை எட்டிப் பிடித்து நெட்டில் அடித்துவிடுவார்.

"கோர்ட்ல மரியாதை வேண்டாம்மா," என்றார் மீட்டர். "நீ 'ங்க' போடறதுக்குள்ள பந்து அடுத்த தெருவுக்குப் போயிடுது."

"அப்ப வாடா போடான்னே சொல்லிடவா?"

"ஜெயிச்சா சொல்லிக்கோ."

அன்றிலிருந்து கோர்ட்டில் 'விடு', வீட்டில் 'விடுங்க'. பத்தொன்பது வருஷம் இந்த ஏற்பாடு ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

வீட்டு 'விடுங்க' வேறு ஜாதி. குடிநீர் வாரியத்தில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் வேலை பார்த்தும் அவர்கள் வீட்டுக் குழாய் எப்போதும் ஒழுகும். மீட்டர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனால், "விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று அவள் வாங்கிக்கொள்வாள். இவர் பக்கத்தில் டார்ச் அடித்துக்கொண்டு நிற்பார். அவள் கை நீட்டினால் வாஷரை எடுத்துக் கொடுப்பார். போகப் போக எல்லா வீட்டிலும் நடப்பதுதான் நடந்தது. வாக்கியத்தின் பின்பாதி தேய்ந்து உதிர்ந்துவிட்டது. முழு வாக்கியம் ஊருக்கு, பாதி வாக்கியம் வீட்டுக்கு என்று ஆனது. அவள் மனசில் பின்பாதி இருந்துகொண்டுதான் இருந்தது. இவர் காதில் அது விழவில்லை.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. நாலு வருஷத்துக்கு முன், அதற்கு ஏழு வயதாக இருந்தபோது காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது. பன்னிரண்டாவது நாள் இல்லை. இதை இதைவிட நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் மீட்டர் குழந்தையின் அலமாரியைத் திறந்தார். மஞ்சள் மழைக்கோட்டைக் கையில் எடுத்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் பின்னாலிருந்து வந்து அவர் தோளில் கை வைத்தாள். "விடுங்க," என்றாள். அவர் மழைக்கோட்டை உள்ளே வைத்துவிட்டு எழுந்து ஆபீசுக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் குழந்தையின் நோட்டுகளும் படங்களும் இருக்கின்றன, போய் வாங்கி வர வேண்டும் என்று ஒருநாள் பேச்செடுத்தார். அதற்கும் "விடுங்க." ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பற்றிக் கேட்டார். "விடுங்க."

பேச்சை விடு, அதைக் கிளறாதே என்று அவள் சொல்வதாக மீட்டர் எடுத்துக்கொண்டார். அவளுக்குத் தாங்கவில்லை, நாம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அவளுக்குச் செய்யும் உதவி என்று நினைத்தார். நினைத்தது மட்டுமில்லை, இவ்வளவு அடக்கமாக இருக்கிறோமே என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டார். அந்த அலமாரியை அவர் மறுபடி திறக்கவே இல்லை. வீட்டில் குழந்தையின் பெயர் யார் வாயிலிருந்தும் வரவில்லை. ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள், உப்பு வேண்டுமா என்று கேட்டுக்கொண்டார்கள், சாயங்காலம் கோர்ட்டில் போய் 'என்னது' 'விடு' என்றார்கள். நாலு வருஷம் இப்படியே போனது.

வாரியத்தின் ஜோடி டென்னிஸ் போட்டிக்கு அறிவிப்பு வந்து இவர்கள் பெயர் கொடுத்த மறு வாரம், அவள் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "டிரான்ஸ்ஃபர் கேட்டிருந்தேன். வந்துடுச்சு."

"எங்க?"

அவள் சொன்ன ஊர் பஸ்ஸில் ஒன்பது மணி நேரம்.

"எப்ப ஜாயின் பண்ணணும்?"

"ஃபைனல் முடிஞ்ச மறுநாள் கெளம்பணும். பேர் குடுத்துட்டோமே, ஆடிட்டே போறேன்."

நானும் வரவா என்று ஒரு கேள்வி. ஒரே மூச்சில் கேட்டு முடித்திருக்கலாம். மீட்டர் "சரி" என்றார். கேட்டதையெல்லாம் மனசுக்குள் போட்டுப் பூட்டுகிற ஊமைக் கோட்டான் அவர். அப்புறம் படுக்கையில் கிடந்து ஒரு முடிவுக்கு வந்தார். ஃபைனலில் ஜெயித்தால், அந்தச் சந்தோஷத்தில், கோர்ட்டிலேயே வைத்து அவளிடம் கேட்டுவிடுவது: "நானும் உன்கூட வரேன்." தோற்றால் எந்த முகத்தோடு கேட்பது? பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்க மனிதருக்குக் கோப்பை தேவைப்பட்டது பாருங்கள். அவரை உட்காரவைத்து நாலு வார்த்தை கேட்க ஆள் இல்லை. ஃபைனல் வரைக்கும் இருந்த மூன்று வாரமும் அவர் வாழ்க்கையில் ஆடாத ஆட்டம் ஆடினார்.

ஃபைனலில் எதிர்ப்பக்கம் வரைபடப் பிரிவு நெட்டையரும் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்துக் கெமிஸ்ட் பெண்ணும். நெட்டையருக்குக் கை மட்டும் தனியாக வளர்ந்திருந்தது. கெமிஸ்டுக்கு இருபத்தாறு வயது, மூச்சே வாங்காது. இரண்டு பேரும் ஆடும்போது ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். ஒருவர் நகர்ந்தால் இன்னொருவர் அந்த இடத்துக்குத் தானாக நகர்ந்துவிடுவார். அதை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பழகியிருந்தார்கள்.

முதல் செட்டை மீட்டர் ஜோடி ஆறுக்கு நாலு என்று எடுத்தது. இரண்டாவதை நெட்டையர் ஜோடி ஆறுக்கு மூன்று என்று பறித்துக்கொண்டது. மூன்றாவதில் ஆறு ஆறு. டை-பிரேக். அதில் முதலில் ஏழு எடுத்து, இரண்டு வித்தியாசத்தில் முந்தியவர்களுக்குக் கோப்பை. மதில்மேல் ஏறி உட்கார்ந்திருந்த பம்ப் ஹவுஸ் ஆட்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

ஆறுக்கு ஐந்து என்று மீட்டர் ஜோடி முந்தியது. இன்னும் ஒரே பாயிண்ட். மீட்டருக்கு நெஞ்சுக்குள் அந்த வாக்கியம் வரிசையில் வந்து நின்றுவிட்டது: நானும் உன்கூட வரேன். நெட்டையர் அடித்த பந்து நெட்டின் மேல் நாடாவில் பட்டு எகிறியது, எந்தப் பக்கம் விழுவது என்று யோசித்தது, இவர்கள் பக்கமே செத்து விழுந்தது. ஆறு ஆறு.

பக்கம் மாற வேண்டும். மாறும்போது அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "நல்லா ஆடறீங்க," என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தார். அப்போதே கேட்டிருக்கலாம். இன்னும் இரண்டு பாயிண்ட்தானே, ஜெயித்துவிட்டே கேட்கலாம் என்று பாட்டிலை மூடிக் கொடுத்தார்.

புதுப் பக்கத்தில் சூரியன் மூஞ்சிக்கு நேரே. மீட்டர் திருப்பி அடித்த பந்து ஒரு சாண் வெளியே போனது. ஏழுக்கு ஆறு, இப்போது நெட்டையர் ஜோடி முன்னால்.

அடுத்தது அவள் சர்வீஸ். அவள் பின்னால் இடது பக்கம், மீட்டர் முன்னால் நெட்டருகே வலது பக்கம். பந்து போனது, வந்தது, போனது. கெமிஸ்ட் பெண் ராக்கெட்டைத் தாழ்த்திப் பந்தை உயரத் தூக்கிவிட்டாள், மீட்டர் தலைக்கு மேலே. மீட்டர் அண்ணாந்தார். ஒரே வெளிச்சம். பந்தைக் காணவில்லை. இந்த மாதிரி நேரத்துக்குத்தான் பின்னாலிருப்பவரின் வாய். அவர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"விடு," என்று காதில் விழுந்தது.

அவுட். பந்து வெளியே. ஏழு ஏழு. பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் ராக்கெட் தானாகக் கீழே இறங்கியது, தோள் தளர்ந்தது. அதற்கப்புறம்தான் மிச்சம் வந்தது: "...ங்க." அதோடு கூடவே அவருக்குப் பின்னால் தடதடவென்று அவள் ஷூ சத்தம். இடது கோடியிலிருந்து வலது கோடிக்கு உயிரைக் கொடுத்து ஓடுகிறாள். எதற்கு ஓடுகிறாள் என்று மீட்டருக்குப் புரியவில்லை. பந்து கோட்டுக்கு உள்ளேதான் விழுந்தது. அவள் எட்டிவிட்டாள், எடுத்துவிட்டாள், விழுந்தபடியே எதிர்ப்பக்கம் திருப்பியும் அனுப்பிவிட்டாள். மதில்மேல் இருந்தவர்கள் ஒரே குரலில் "ஆ" என்றார்கள்.

ஜோடி இந்தப் பக்கம் ஓடினால் நீ அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். டென்னிஸில் எல்கேஜி பாடம். மீட்டர் நின்ற இடத்திலேயே, ராக்கெட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஏற்கனவே முடிந்துபோன ஒரு பாயிண்டுக்கு நடுவில் நின்றிருந்தார். நெட்டையர் அவசரப்படவே இல்லை. அவள் விட்டுவிட்டு வந்த இடது பாதியில், யாருமே இல்லாத இடத்தில், பந்தை மெதுவாகத் தட்டிவிட்டார். அது இரண்டு முறை குதித்து, ஓரத்தில் கிடந்த பழைய குழாயில் போய் மோதி நின்றது.

கை குலுக்கினார்கள். இப்போதைய தலைமைப் பொறியாளர் கோப்பையை நெட்டையரிடம் கொடுத்து, விளையாட்டில் வெற்றி தோல்வி சகஜம் என்று எல்லோரும் சொல்வதைச் சொன்னார். மீட்டர் கைதட்டினார்.

மீட்டர் அறையில் அவளுடைய பழைய ஷூ ஒரு ஆணியில் எப்போதும் தொங்கும். அதை எடுக்க அவள் வந்தபோது அவர் மேஜையோரம் உட்கார்ந்திருந்தார். அவள் முழங்கையிலிருந்து ரத்தம் கசிந்தது. குழாயைத் திறந்து கழுவிக்கொண்டாள்.

"'விடு'ன்னு சொன்னே," என்றார் மீட்டர். "அவுட்டுன்னு நெனச்சுட்டேன்."

"நான் 'விடு'ன்னு சொல்லல. 'விடுங்க'ன்னு சொன்னேன்."

"கோர்ட்ல நாம 'ங்க' சொல்ல மாட்டோமே."

"தெரியும். வாயில வந்துடுச்சு." அவள் குழாயை மூடினாள். "நான் எடுத்துக்கறேன், நீங்க என் எடத்துக்குப் போங்கன்னு சொன்னேன்."

"அதைச் சொல்லலையே நீ."

"வீட்ல அப்படித்தானே சொல்லுவேன்."

மீட்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மீட்டர்களில் ஒன்றில் மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொட்டுக்கு நடுவே ஏதோ ஒன்று அவருக்குள் மெல்லத் திரும்பியது. அவர் தலை நிமிர்ந்தார்.

"அன்னைக்கு அலமாரிகிட்ட..."

அவள் ஷூவின் கயிற்றைச் சுற்றினாள்.

"அன்னைக்கும் 'விடுங்க'ன்னுதானே சொன்னே."

"ஆமா."

"பேசாதீங்கன்னு சொல்றேன்னு நெனச்சேன். அதான் போயிட்டேன்."

"நான் எடுத்து மடிக்கறேன், நீங்க பக்கத்துல நில்லுங்கன்னு சொன்னேன்," என்றாள் அவள். குரல் புகார் மேஜைக் குரல் மாதிரியே நிதானமாக இருந்தது. "மழைக்கோட்டை எடுத்துட்டுத் திரும்பிப் பாத்தா நீங்க இல்ல. செருப்பையும் காணோம். அப்புறம் எல்லாத்தையும் நானே மடிச்சேன். ஸ்கூலுக்கும் நானே போனேன். அந்த டீச்சர் அவ வரஞ்ச படத்தையெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டினாங்க. பக்கத்து நாற்காலி காலியா இருந்துச்சு."

"கூப்பிட்டிருக்கலாமே என்னை."

"கூப்பிட்டேனே. நாலு வருஷமா அதைத்தானே சொல்லிட்டிருக்கேன்."

அவள் போன பிறகு மீட்டர் மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதார். ஆஸ்பத்திரியில் அழாத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. நாலு வருஷம் அவள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தனியாக ஓடியிருக்கிறாள். அவர் முடிந்துபோன பாயிண்டுக்கு நடுவில் ராக்கெட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். மேஜைமேல் இருந்த மீட்டர்களின் கண்ணாடியில் நீர்த்துளிகள் விழுந்தன. பாவம், அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே வந்த எனக்கும் இந்த இடத்தில் திட்ட வரவில்லை.

மறுநாள் காலை பஸ் நிலையத்துக்கு அவர்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். கோப்பை இல்லாவிட்டால் என்ன, கேட்டே தீருவது என்று வந்திருந்தார். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் படியைத் தட்டினார்.

"நானும் உன்கூட வரேன்," என்றார் மீட்டர்.

அவள் அவரைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் வழியவில்லை.

"உங்க மேல கோபம் இல்லைங்க," என்றாள். "என்னால இனிமே ஓட முடியல. ரெண்டு பக்கமும் ஓடி ஓடி ஓஞ்சுட்டேன். இப்ப பக்கத்துல ஆள் இருந்தாக்கூட, இருக்காங்களான்னு திரும்பித் திரும்பிப் பாத்துட்டேதான் இருப்பேன்."

"இனிமே நான் நிப்பேன்."

"நிப்பீங்க. எனக்குத் தெரியும்."

அவள் பஸ் பக்கம் திரும்பினாள். படியில் ஒரு காலை வைத்து, பெட்டியை வாங்கக் கை நீட்டினாள். பெட்டியின் கைப்பிடியில் இருவர் கைகளும் இருந்தன. மீட்டர் பிடித்த பிடியைத் தளர்த்தவில்லை. கண்டக்டர் மறுபடி தட்டினார்.

"விடுங்க," என்றாள் அவள்.

மீட்டர் அந்தப் பாதி வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது அவருக்கு அதன் அர்த்தம் தெரியும். பின்பாதியை அவள் வீட்டுக்காரரிடம் சொல்ல மாட்டாள், அதை அவரேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டுக்கொண்டேன், இதோ நிற்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"விடுங்க சார்," என்றார் கண்டக்டர், "நேரமாச்சு."

அவள் அவர் விரல்மேல் தன் கையை வைத்தாள். அறுபது பேரிடம் ஒரு நாளில் பேசுகிற அந்த நிதானமான, நல்ல குரலில், ஒரு வார்த்தை குறையாமல் சொன்னாள்:

"விடுங்க, நான் பாத்துக்கறேன்."

மீட்டர் கைப்பிடியை விட்டார்.